செபஸ்தியாரின் மீதிக் கதை

எங்கள் தேயிலைத் தோட்டத்துக் கோயிலில் செபஸ்தியாரைப் பற்றிப் பேச யாரை நிறுத்தினாலும் ஒரே பேச்சுதான். மரத்தில் கட்டினார்கள், அம்பு எய்தார்கள், அவர் பொறுத்துக்கொண்டார், நாமும் பொறுத்துக்கொள்ள வேண்டும், ஆமென். சின்ன வயதிலிருந்து கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துப்போயிருந்தது. கடைசியில் அதே பேச்சை என்னையே பேசச் சொன்னார்கள். அதுவும் எப்போது? என் தங்கச்சி குளவி கொட்டி, பிழைப்பாளா மாட்டாளா என்று கிடந்து, அப்போதுதான் எழுந்து உட்கார்ந்திருந்த நேரத்தில்.

நான் பிள்ளைக்காம்பராவில் வேலை செய்கிறவள். கொழுந்தெடுக்கப் போகும் தாய்மார் காலையில் கொண்டுவந்து விடும் பிள்ளைகளுக்குப் பால் கரைத்துக் கொடுத்து, மூக்குத் துடைத்து, சண்டை தீர்த்து, தூங்கவைப்பது என் பிழைப்பு. ஞாயிற்றுக்கிழமைகளில் கோயிலில் மறைக்கல்வி வகுப்பும் எடுப்பேன். அதனால் பெரியவர்களுக்கும் நான் டீச்சர்தான். கோயில் என்றால் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். தகரக் கூரை போட்ட ஒரு கட்டடம். அட்டன் டவுனிலிருந்து சாமியார் மாதத்துக்கு ஒருமுறை ஜீப்பில் வந்து பூசை வைத்துவிட்டுப் போவார். மற்ற நாட்களில் செபஸ்தியார் தனியாக இருப்பார்.

மரச் சுரூபம். உடம்பில் ஆங்காங்கே துளை போட்டு, பித்தளை அம்புகளைச் செருகியிருப்பார்கள். கழற்றிப் புளி போட்டுத் துலக்க வசதியாக அப்படிச் செய்தார்களாம். கழற்ற முடிகிற அம்பு எங்கள் ஆட்கள் கையில் சும்மா இருக்குமா? யாருக்காவது கடுமையாகச் சுகமில்லை என்றால் ஓர் அம்பை எடுத்துப்போய் அந்த வீட்டில் விளக்குக்குப் பக்கத்தில் வைப்பது வழக்கமாகிவிட்டது. வேதக்காரர் வீடு, முருகன் படம் மாட்டிய வீடு என்ற வித்தியாசம் இதில் கிடையாது. அம்பு வீட்டில் இருக்கும்வரை அந்த ஆளை வேலைக்குக் கூப்பிட மாட்டார்கள். காலையில் பெரட்டுக் களத்தில் பெயர் கூப்பிடும்போது, "அவங்க வீட்ல அம்பு இருக்குங்க" என்று யாராவது சொன்னால் போதும், கங்காணி அடுத்த பெயருக்குப் போய்விடுவார். அன்றைய சம்பளம் கிடைக்காது, ஆனால் வேலையும் போகாது. டாக்டர் எழுதிக் கொடுத்த துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துச் சந்தேகப்பட்டவர்கள் அம்பை ஒருநாளும் சந்தேகப்பட்டதில்லை. சுகமானதும் அம்பைக் கொண்டுபோய் இருந்த துளையிலேயே செருகிவிட வேண்டும். திருநாளுக்குச் சுரூபம் வெளியே போகும்போது எல்லா அம்பும் உடம்பில் இருக்கவேண்டும் என்பது மட்டும் கண்டிப்பு.

தங்கச்சிக்குக் கொட்டியது மார்கழிக் குளிரில், ஏழாம் நம்பர் மலையில். அந்த மலையின் நடுவில் ஒரு பெரிய மரம் நிற்கிறது. அதன் உச்சிக் கிளையில் குளவிக் கூடு தொங்குவது தோட்டத்தில் எல்லோருக்கும் தெரியும். காற்று ஆட்டியதா, பருந்து கொத்தியதா தெரியாது, திடீரென்று கலைந்து இறங்கியிருக்கிறது. மற்றவர்கள் கூடையைப் போட்டுவிட்டு ஓடினார்கள். இவள் தண்ணீர் ஓட வெட்டியிருந்த கானுக்குள் விழுந்து, இடுப்பில் கட்டியிருந்த படங்குச் சாக்கை இழுத்துத் தலைக்குப் போட்டுக்கொண்டாள். குளவி படங்குக்குள்ளும் நுழைந்தது. கொழுந்து லொறியில் ஏற்றி டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது முகம் வீங்கி, கண் இருந்த இடம் தெரியவில்லை. மூச்சு விசில் மாதிரி வந்தது. நான் அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டு மாதாவையும் தோட்டத்தையும் மாறி மாறித் திட்டிக்கொண்டு போனேன்.

வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர், சிங்களவர், தனக்குத் தெரிந்த தமிழில் நிறுத்தி நிறுத்திச் சொன்னார். "இன்னொரு தடவை கொட்ட விட வேண்டாம். இவங்களுக்குத் தாங்காது. உயிர் போகும்."

இதில் கங்காணியைப் பற்றிச் சொல்ல வேண்டும். கெட்ட மனிதராக இருந்திருந்தால் எனக்கு இவ்வளவு கோபம் வந்திருக்காது. தங்கச்சியைக் கானிலிருந்து தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு லொறி நிற்கும் இடம்வரை ஏறிவந்தவர் அவர்தான். அவருக்கும் கழுத்தில் கொட்டு. கோயில் சபைத் தலைவரும் அவரே. செபஸ்தியாரின் இடது தொடையில் இருந்த அம்பை உருவி, வெள்ளைத் துணியில் சுற்றி, செருப்பைக் கழற்றிவிட்டு, லயத்து வரிசை வீடுகளில் எங்கள் காம்பராவுக்குள் வந்து விளக்கடியில் வைத்தவரும் அவரே. இவ்வளவும் செய்கிற மனிதருக்கு அந்தக் கூட்டை எடுக்க இரண்டு ஆட்களை அனுப்ப மட்டும் முடியவில்லை. கூடெடுக்கத் தெரிந்தவர்கள் எங்கள் தோட்டத்திலேயே இருக்கிறார்கள். இருட்டும் நேரத்தில் புகை போட்டு எடுத்துவிடுவார்கள். கேட்டால், "சின்ன தொரைகிட்ட சொல்லியிருக்கேன் டீச்சர்" என்பார். சின்ன துரை, தோட்டத்து மேனேஜரான பெரிய துரையிடம் சொல்லியிருக்கிறாராம். பெரிய துரை யாரிடம் சொன்னாரோ. சொல்லிச் சொல்லியே ஒரு மாதம் போனது, கூடு கொஞ்சம் பெருத்தது.

கொடியேற்றத்துக்கு முந்தின வாரம் கங்காணி எங்கள் வீட்டுக்கு வந்தார். தங்கச்சியும் அவளுடைய சின்ன மகளும் என் காம்பராவில்தான் இருந்தார்கள். அவளுடைய வீட்டுக்காரர் கொழும்பில் ஒரு ஹாட்வெயார் கடையில் வேலை செய்கிறார், மாதத்துக்கு ஒருமுறைதான் வருவார்.

"தங்கச்சிக்கு இப்ப தேவலாங்களா டீச்சர்?"

"பரவாயில்லைங்க. வீக்கம் வத்திருச்சு."

"அப்ப அம்ப குடுத்துருங்க. சுரூபத்த இறக்கித் துலக்கணும். திருநாள் முடிஞ்ச கையோட இவுங்களும் மலைக்கு வந்துறலாம்."

"எந்த மலைக்குங்க?"

அவர் கூரையைப் பார்த்தார். "இவுங்க கேங்கு ஏழாம் நம்பர்லதான நிக்கிது."

"கூடு?"

"பாத்து எடுத்தா ஒண்ணும் ஆகாதுங்க. செபஸ்தியார் இருக்காரு. இந்தத் தடவையும் அவருதான காப்பாத்தினாரு." பிறகு, தேநீரைக் கையில் வாங்கிக்கொண்டு, வந்த இன்னொரு காரியத்தையும் சொன்னார். "ஏழாம் நவநாள் பேச்சு உங்களுக்குப் போட்டிருக்குங்க. செபஸ்தியாரோட வாழ்க்கையும், இந்தக் காலத்துக்கு அதுல உள்ள பாடமும். பொறுமையப் பத்திக் கொஞ்சம் அழுத்திச் சொல்லுங்க. இப்ப உள்ளவங்களுக்குப் பொறுமையே இல்ல."

சுவரோரம் உட்கார்ந்திருந்த தங்கச்சி சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அம்பு அங்கேயே இருக்கட்டும், சுரூபம் ஊர்வலம் போகும் சுற்றுப்பிரகாரத்துக்கு முன்னால் தருகிறோம் என்று மட்டும் சொல்லி அனுப்பினேன்.

சாமியாரிடம் வாங்கிய ஒரு சின்னப் புத்தகத்தைப் பிள்ளைகள் தூங்கும் நேரத்தில் உட்கார்ந்து வாசித்தேன். வாசிக்க வாசிக்கக் கோபம் கூடியது. இத்தனை வருடம் எங்களுக்குப் பாதிக் கதையைத்தான் சொல்லியிருக்கிறார்கள்.

செபஸ்தியார் ரோமாபுரியில் சக்கரவர்த்தியின் காவல் படையில் அதிகாரி. நல்ல உத்தியோகம், சக்கரவர்த்திக்குப் பிடித்த ஆள். அந்தக் காலத்தில் வேதக்காரர்களைப் பிடித்து அடைத்து வைத்திருந்தார்கள். இவரும் இரகசியமாக வேதக்காரர்தான். தன் உடுப்பின் அதிகாரத்தை வைத்துக்கொண்டு சிறைக்குள் போய் அவர்களுக்குத் தைரியம் சொல்லியிருக்கிறார். விஷயம் வெளியே வந்ததும் மரத்தில் கட்டி அம்பெய்யச் சொன்னார்கள். எய்தார்கள். செத்துவிட்டார் என்று விட்டுவிட்டுப் போனார்கள். இதுவரை எங்கள் தோட்டத்தில் எல்லோருக்கும் தெரியும். இதற்குப் பிறகுதான் மீதி இருக்கிறது. அவர் சாகவில்லை. அடக்கம் செய்ய வந்த ஒரு விதவைப் பெண் உயிர் இருப்பதைக் கண்டு, தன் வீட்டுக்குத் தூக்கிப்போய், அம்புகளைப் பிடுங்கி, காயத்துக்கு மருந்து போட்டுத் தேற்றியிருக்கிறாள். எழுந்து நடக்க முடிந்ததும், ஊரைவிட்டு ஓடிப்போய்விடுங்கள் என்று எல்லோரும் கெஞ்சினார்களாம். அவர் போகவில்லை. சக்கரவர்த்தி இறங்கிவரும் படிக்கட்டில் போய் நின்றார். ஒரு குற்றமும் செய்யாதவர்களை ஏன் கொல்கிறாய் என்று முகத்துக்கு நேரே கேட்டார். அதற்குப் பிறகுதான் அவரைத் தடியால் அடித்துக் கொன்றார்கள்.

ஆக, அவர் அம்பு பட்டுச் சாகவில்லை, திரும்பிப் போய்ப் பேசியதால் செத்தார். ஆனால் எந்தக் கோயிலிலாவது படிக்கட்டில் நின்று பேசும் செபஸ்தியாரைச் சுரூபமாகச் செய்து வைத்திருக்கிறார்களா? நான் பார்த்ததில்லை. வலியைத் தாங்குகிறவரைச் செய்துவைத்தால் கும்பிட வசதி. கேள்வி கேட்கிறவரைச் செய்துவைத்தால் நாமும் ஏதாவது கேட்டுத் தொலைக்க வேண்டியிருக்கும்.

ஏழாம் நவநாள் மாலை பனி கோயிலுக்குள்ளேயே வந்துவிட்டது. சால்வையும் கம்பளித் தொப்பியுமாகச் சனம் நெருக்கி உட்கார்ந்திருந்தது. மைக்கைப் பிடித்து முழுக் கதையையும் சொன்னேன். அம்பு எய்த இடத்தில் பெண்கள் உச்சுக்கொட்டினார்கள். அதோடு நான் முடிப்பேன் என்று பாட்டுக்காரர் ஆர்மோனியத்தில் கைவைத்தார். நான் நிறுத்தவில்லை. படிக்கட்டைச் சொன்னேன், கேள்வியைச் சொன்னேன், தடியைச் சொன்னேன். "தாங்கிக்கொண்டதற்காக அவரைக் கொல்லவில்லை. தாங்குகிற ஆளை யாரும் ஒன்றும் செய்வதில்லை. கேட்டதற்காகக் கொன்றார்கள். இந்தக் காலத்துக்கு இதில் பாடம் என்னவென்று நான் சொல்ல வேண்டியதில்லை. நம்முடைய மலையிலேயே ஒரு மரம் நிற்கிறது" என்று முடித்தேன். யாராவது எழுந்து ஏதாவது சொல்வார்கள் என்று நிஜமாகவே எதிர்பார்த்தேன்.

கங்காணி எழுந்து மைக்கை வாங்கினார். "டீச்சர் பொறுமையப் பத்தி ரொம்ப அருமையா பேசினாங்க. எல்லாரும் பின்னால கடலை வாங்கிட்டுப் போங்க."

எனக்கு அழுகையா சிரிப்பா என்று தெரியவில்லை. வெளியே வரும்போது தங்கச்சியோடு கொழுந்தெடுக்கும் இரண்டு பேர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நல்லா இருந்திச்சுங்க டீச்சர், அந்த அம்பு எடத்துல அழுதுட்டோம்" என்றார்கள். கடலையை மென்றுகொண்டே சொன்னார்கள். சுவரில் போய் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

வீட்டுக்கு வந்ததும் தங்கச்சி கேட்டாள். "அக்கா, தேத்திவிட்ட அந்தப் பொம்பள அவர தடுக்கலியா?"

"தடுத்திருப்பாங்க. பாத்துப் பாத்துக் காப்பாத்தின உசிரு இல்லியா."

"அப்பறமும் போனாரு."

"போனாரு."

அவள் விளக்கைத் தூண்டிவிட்டுப் படுத்துக்கொண்டாள். அப்போதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும்.

சுற்றுப்பிரகாரத்துக்கு முந்தின நாள் காலையில் எழுந்தால் அவள் மலைக்குப் போகிற கோலத்தில் நிற்கிறாள். தலையில் துணி, இடுப்பில் படங்கு, முதுகில் கூடை. கையில் அந்த வெள்ளைத் துணிச் சுருள்.

"எங்க போற?"

"பெரட்டுக்கு."

"ஒனக்கு அறிவு கெட்டுப்போச்சா? டாக்டர் என்னா சொன்னாரு?"

"அதச் சொல்லத்தான் போறேன்."

"நீ ஒண்ணும் சொல்ல வேணாம். வேலை போயிருச்சுன்னா? காம்பராவ காலி பண்ணச் சொல்லிட்டா? உன் வீட்டுக்காரர்கிட்ட கொழும்புக்குப் போயிரு. நான் பேசுறேன் கங்காணிகிட்ட."

"நீதான பேசிட்டியே அக்கா. கடலை குடுத்தாங்களே."

மைக்கில் படிக்கட்டைப் பற்றிப் பேசியவள், தன் தங்கச்சி படியில் கால் வைத்ததும் ஓடிப்போ என்கிறேன். ஓடிப்போகச் சொன்ன அந்த ரோமாபுரிப் பெண்ணிடம் எனக்கு அன்றைக்குத்தான் ஒரு சொந்தம் உண்டானது. அவள் பாவம், சரியாகத்தான் சொல்லியிருக்கிறாள்.

பெரட்டுக் களம் பிள்ளைக்காம்பராவுக்கு நேர் கீழே இருக்கிறது. இடுப்பில் ஒரு குழந்தையோடு வாசலில் நின்று பார்த்தேன். தங்கச்சியின் மகள் என் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கங்காணி பெயர் கூப்பிட்டார். தங்கச்சியைக் கண்டதும் முகம் மலர்ந்தது. "வந்துட்டீங்களா. அம்ப கோயில்ல வச்சிட்டீங்களா?"

"கையில இருக்குங்க."

"குடுங்க."

"குடுக்குறேங்க. மொதல்ல ஏழாம் நம்பர் கூட்ட எடுங்க."

கங்காணி சுற்றிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். ஆனாலும் எனக்குக் கேட்டது. "சாமி காரியத்துல வெளையாடாதீங்க தங்கச்சி. நாளைக்கு சுத்துப்பிரகாரம்."

"சாமிகிட்ட நான் வெளையாடலைங்க. உங்ககிட்டதான் பேசுறேன். அம்பு என் வீட்ல இருந்தா என்னைய மலைக்குக் கூப்பிட மாட்டீங்க. கூடு எடுக்குற வரைக்கும் அம்பு என் வீட்லதான் இருக்கும். நாளைக்கு செபஸ்தியார் தொடையில ஓட்டையோட போகட்டும். ஏன்னு கேக்குறவங்களுக்கு நான் சொல்லிக்கிறேன்."

அவ்வளவுதான் பேசினாள். பேசிவிட்டு அங்கேயே நின்றாள். பக்கத்தில் நின்ற அவளுடைய கேங்கில் ஒருத்தியாவது ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்வாள் என்று பார்த்தேன். எல்லோரும் தங்கள் தங்கள் கூடைக் கயிற்றைச் சரிசெய்துகொண்டிருந்தார்கள். குளவி வந்தால் எல்லோருக்கும்தானே கொட்டும்? அந்தக் கோபம் எனக்கு இன்றும் இருக்கிறது. பிறகு ஒவ்வொருவராக மலைக்கு ஏறினார்கள். தங்கச்சி தனியாக லயத்துக்குத் திரும்பி நடந்தாள்.

கங்காணி நேராக என்னிடம்தான் வந்தார். முகம் கறுத்திருந்தது. "உங்க பேச்சாலதாங்க டீச்சர் இவ்வளவும்."

"பொறுமையப் பத்தித்தானங்க பேசினேன்" என்றேன்.

அவர் விறுவிறுவென்று இறங்கிப் போனார். அன்று சாயங்காலம் ஏழாம் நம்பர் மலையிலிருந்து புகை எழும்பியது. சின்ன துரையும் பெரிய துரையும் ஒரே பகலில் எப்படி இணங்கினார்கள் என்று தெரியாது. ஒருவேளை அவர்களிடம் கேட்கவே இல்லையோ என்னவோ. ஆட்கள் இரண்டு பேர் எரிந்த கூட்டைக் கம்பில் கோத்துக்கொண்டு வந்து லயத்து வாசலில் காட்டிவிட்டுப் போனார்கள். தங்கச்சி அதைப் பார்த்துவிட்டு, குளித்து, அம்பைத் துலக்கிக் கொண்டுபோய்த் தொடையில் செருகினாள். ஒரு மாதமாகச் சொல்லியும் என் தங்கச்சியின் உயிருக்காக ஆகாத காரியம், சுரூபத்தின் தொடையில் ஓட்டை தெரியக்கூடாது என்பதற்காக ஒரே பகலில் ஆனது. சந்தோஷப்பட வேண்டிய நேரத்தில் இதை நினைத்து நினைத்துக் கொதித்தேன்.

அதோடும் விட்டார்களா? மறுநாள் சுற்றுப்பிரகாரம் முடிந்து கங்காணி மைக்கில் சொன்னார். "நம்ம செபஸ்தியாரோட புதுமையால இந்த வருசம் ஏழாம் நம்பர் குளவி நீங்கிருச்சு." எல்லோரும் ஆமென் என்றார்கள். தங்கச்சியும் சொன்னாள். நான் அவளுடைய விலாவில் இடித்தேன். "யாரு எடுத்தா என்னாக்கா, கூடு போச்சில்ல" என்றாள். எனக்கு அந்தப் பெருந்தன்மை இல்லை. இந்தத் தோட்டத்தில் யாருக்கும் எதுவும் ஏறாது, இனி மைக் பக்கமே போவதில்லை என்று முடிவு செய்தேன்.

மாசியில் ஆற்றோர மலையில் இன்னொரு கூடு தெரிந்தது. இந்தத் தடவை பாறைக்கு அடியில். தங்கச்சியின் கேங் அடுத்து இறங்கவேண்டிய மலை அது. அவள் கங்காணியிடம் சொன்னாள். "சின்ன தொரைகிட்ட சொல்லியிருக்கேன்" என்றார் அவர். எனக்கு அதைக் கேட்டதும் தலைவலி வந்தது. டாக்டர் சொன்னது மறுபடி காதில் கேட்க ஆரம்பித்தது. தங்கச்சி என்னவோ அமைதியாக இருந்தாள். சாயங்காலங்களில் கேங்கிலுள்ள பெண்கள் அவளைத் தேடி வந்து குழாயடியில் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். என்ன என்று நான் கேட்கவில்லை. கூடைக் கயிற்றைச் சரிசெய்துகொண்டு நின்ற அதே பெண்கள்தானே என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

அந்த மலைக்கு இறங்கவேண்டிய நாள் காலையில் கங்காணி பிள்ளைக்காம்பராவுக்கு மேல்மூச்சு வாங்க ஏறிவந்தார். "டீச்சர், கோயிலுக்குக் கொஞ்சம் வாங்க."

பிள்ளைகளை உதவிக்கு இருப்பவளிடம் விட்டுவிட்டுப் போனேன். கோயில் கதவு திறந்திருந்தது. பீடத்தில் செபஸ்தியார் நின்றார். உடம்பில் ஓர் அம்புகூட இல்லை.

"களவு போயிருச்சுங்களா?" என்று கேட்டேன்.

"களவு இல்லீங்க. லயத்துக்கு ஒண்ணுன்னு எடுத்துட்டுப் போயிருக்காங்க. பெரட்டுக்கு அந்தக் கேங்குல ஒருத்தரும் வரல. கேட்டா, எங்க லயத்துல அம்பு இருக்குங்குறாங்க."

"யாருக்குங்க சொகமில்ல?"

"அதத்தான் நானும் கேட்டேன்." அவர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "யாருக்கும் ஒண்ணுமில்லையாம். இனிமேதான கொட்டப்போகுதுங்குறாங்க."

நான் சுரூபத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். அம்புகள் இருந்தவரை கண் அவற்றிலேயே போய் நிற்கும், முகத்துக்கு ஏறாது. செபஸ்தியாரின் வாய் கொஞ்சம் திறந்திருக்கும் என்பது எனக்குத் தெரியும். இத்தனை வருடமும் அது வலி என்று நினைத்திருந்தேன். அம்பில்லாத உடம்பில் அந்த வாயைப் பார்த்தால், வலி மாதிரியே இல்லை. ஏதோ சொல்லத் தொடங்கியவர் மாதிரி இருந்தது.

"இப்ப நான் என்னாங்க டீச்சர் செய்யிறது?" என்றார் கங்காணி. பாவமாகக் கேட்டார்.

"குளவிய எடுங்க கங்காணி" என்றேன்.